காருக்கும் மூச்சுத் திணறல்!

"உனக்கு கார் ஓட்ட வராது. சாவியைக் குடு!"

1986-ஆம் வருஷம், நவம்பர் மாதம். இரவு ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. நான் ராத்திரி முழுக்கத் தூங்காத கண்களோடு காபி டம்ளரும் கையுமாக நின்றேன். சாவி என் முந்தானை முடிச்சில் இருந்தது. அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன். வேறு என்ன செய்ய? முதல் நாள் ராத்திரி நடந்ததை என் மாமியார் ஒன்று விடாமல் அவரிடம் சொல்லியாகிவிட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். அப்போது நாங்கள் திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் கணவருக்கு அங்கே மெயின்டனன்ஸில் வேலை. மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரவு ஷிப்ட் வரும். மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது. பனிக்காலம் வந்தால் போதும், வீசிங் வந்துவிடும். நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, நெஞ்சு குழி விழ விழ மூச்சு இழுப்பான். பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சத்தம் தெரியும். டவுனில் இருக்கும் குழந்தை டாக்டர் வீட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர். ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் முகம் தெளியும்.

இதற்காகவேதான் 1983-ல் மில் அதிகாரி ஒருவரிடமிருந்து மாதத் தவணையில் ஒரு பழைய காரை வாங்கினோம். 1971 மாடல். அந்தக் காலத்தில் நம் ரோட்டில் கண்ணில் பட்டதெல்லாம் அம்பாசிடர், பியட், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அந்த வருஷம் டிசம்பரில் மாருதி 800 வந்தது என்றாலும், எங்கள் மில் பக்கம் அது எட்டிப் பார்க்கவில்லை. எங்களுடையது எந்தக் கார் என்று சொல்ல மாட்டேன். வயதான காலத்தில் அதன் மானத்தை வாங்குவானேன்?

நான் கல்யாணத்துக்கு முன்பே ஓட்டக் கற்றவள். அப்பா காரைக்குடியில் இரண்டு டாக்ஸி வைத்திருந்தார். 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும், அப்பா செட்டிநாட்டு வீதிகளில் விடியற்காலையில் என்னை ஓட்டவைத்துப் பழக்கினார். அந்தக் கதையை எழுத ஆரம்பித்தால் அது தனியே ஒரு தொடர்கதையாகிவிடும். விடுங்கள்.

அன்று ராத்திரி ஒன்றரை மணி. மாமியார் பின் சீட்டில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குவார்ட்டர்ஸ் ரோடு போய் மதுரை நெடுஞ்சாலையில் முட்டும் இடம். அப்போது அதற்கு நம்பர் 7, இப்போது 44. டவுன் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். தூரத்தில் ஒரு லாரி விளக்கு. தாராளமாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

கார் ரோட்டின் நடுவில் போய் 'ஹுக்' என்று நின்றது!

முழுக்க நிற்கவில்லை. இன்ஜின் சத்தம் ஒரு கணம் அடங்கிப்போனது. நான் அழுத்துகிறேன், அது யோசிக்கிறது. ஒன்று... இரண்டு... எண்ணி மூன்றாவதற்குள் ஒரு குதி குதித்துக் கிளம்பியது. அந்த இரண்டு நொடியில் லாரி விளக்கு கார் முழுக்க நிறைந்துவிட்டது. லாரிக்காரர் புண்ணியவான், ரோட்டை விட்டு இறக்கி ஒடித்தார். ஹாரன் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பையனுக்கு ஊசி போட்டுத் திரும்பி வரும் வரை மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் மகனிடம் பேசினார்.

"ஏங்க, நான் ஒழுங்காத்தான் அழுத்தினேன். வண்டிதான் யோசிச்சுது" என்றேன்.

"வண்டி எங்கேயாவது யோசிக்குமா? நான் தினம் ஓட்டறேனே, எனக்கு யோசிக்கலையே!"

அதுதான் விசேஷம். மெய்யாகவே அவர் ஓட்டினால் கார் யோசிக்காது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதற்றத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேனோ? இரண்டாவது கியரில் கிளப்பினேனோ? பதில் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தது. அடுத்த இரவு ஷிப்ட் வாரத்தில் பையனுக்கு மூச்சு இழுத்தால், என்னிடம் சாவி இருக்காது. மில் வேனுக்கு ஆள் அனுப்பி, டிரைவரை எழுப்பி... நினைக்கவே வயிற்றைப் பிசைந்தது.

சும்மா சொல்லக் கூடாது, என் கணவர் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாமல் இல்லை. முதல் இடத்தில் நான்கு பிளக்கையும் மாற்றினார்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட்டைத் தேய்த்துச் சரிசெய்தார்கள். இரண்டாவது இடத்தில், சும்மா நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தைக் கூட்டிவைத்தார்கள். அதனால் பெட்ரோல் கூடுதலாகக் குடித்ததுதான் மிச்சம். மூன்றாவது ஆள், "கார்புரேட்டரையே மாத்தணும் சார்" என்று ஒரு தொகை சொன்னார். இவர் சம்பளத்தில் பாதி! 'ஓட்டறவங்க சரியா ஓட்டினா எல்லாம் சரியா இருக்கும்' என்று என் பக்கம் பார்த்துவிட்டு இவர் அதோடு விட்டுவிட்டார். மில்லில் ஒரு ஸ்பின்டில் தகராறு செய்தால் சத்தத்தை வைத்தே இன்னதென்று சொல்லிவிடுகிற மனிதர், பெண்டாட்டி சொன்னதை மட்டும் கேட்கவில்லை.

எனக்கு வழி காட்டியது குழந்தை டாக்டர்தான். அதாவது, அவருக்குத் தெரியாமலே!

அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் நூறு கேள்வி கேட்பார். "எப்பம்மா வருது? ராத்திரியா, விடியக்காலமா? ஓடி ஆடினா வருதா, சும்மா படுத்திருந்தாலே வருதா? அன்னிக்கு வீட்டுல என்ன வேலை நடந்துச்சு? நோட்டுல எழுதி வைங்க" என்பார். பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதி வந்தேன். இரண்டு மாதம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, இலவம்பஞ்சு மெத்தையை உதறி வெயிலில் போடும் நாளன்றோ மறுநாளோதான் பெரும்பாலும் இழுக்கிறது என்று. இன்னொன்று, அப்பா மில்லிலிருந்து வந்த சட்டையோடு தூக்கிக் கொஞ்சும் நாட்கள். பஞ்சுத் தூசி! மெத்தைக்குக் கனமான உறை தைத்துப் போட்டேன். அவர் குளித்துச் சட்டை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொட வேண்டும் என்று சட்டம் போட்டேன். முழுக்க நிற்கவில்லை, ஆனால் பாதியாகக் குறைந்தது.

பிள்ளைக்கு எழுதிய நோட்டில் காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? பகலில், குவார்ட்டர்ஸ் ரோட்டுக்குள், மாமியார் கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஓட்ட எனக்கு அனுமதி இருந்தது. பத்து நாளில் நான் எழுதியவை இவ்வளவுதான்:

மெல்ல அழுத்தினால் ஒன்றும் இல்லை. சட்டென்று அழுத்தினால்தான் யோசிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான். இன்ஜின் சூடாக இருந்தாலும் ஆறியிருந்தாலும் ஒரே மாதிரி. கிளம்பிவிட்டால் வேகத்துக்குக் குறைவில்லை. யோசிக்கும்போது இன்ஜின் சத்தமே குறைகிறது. நிறுத்தியதும் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன், அதிகச் சூடு இல்லை.

கடைசி இரண்டும் அப்பா சொல்லிக்கொடுத்தவை. இன்ஜின் உறுமுகிறது, கார் மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இங்கே இன்ஜினே அடங்குகிறதே! பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் சக்கரம் கொதிக்கும். அதுவும் இல்லை. பெட்ரோல் வரத்தே குறைவாக இருந்தால் ஏற்றத்தில் திணறியிருக்கும். அந்த மாதம் சிறுமலைக்கு, அத்தனை கொண்டை ஊசி வளைவிலும், என் கணவர்தான் ஓட்டிப்போனார். ஆட்டுக்குட்டி மாதிரி ஏறியது.

பதினோராம் நாள்தான் பெரிய சங்கதி கிடைத்தது, அதுவும் என் மறதியால். அந்தக் காலத்துக் காரில் சோக் என்று ஒரு குமிழ் இருக்கும். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்ய அதை வெளியே இழுப்போம். உள்ளே போகும் காற்றை அது கொஞ்சம் மறிக்கும். கலவையில் பெட்ரோல் பங்கு கூடும். இன்ஜின் சூடானதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும். அன்று தள்ள மறந்துவிட்டேன். முக்கில் ஒரு மாடு குறுக்கே வந்து, நின்று, பிறகு சட்டென்று அழுத்தினேன். கார் யோசிக்கவே இல்லை! குமிழைத் தள்ளினேன், அழுத்தினேன், யோசித்தது. பாதி இழுத்தேன், அழுத்தினேன். அம்பு மாதிரி போனது. மாமியார் பின்னாலிருந்து, "ஏம்மா, கோயிலுக்குப் போறோமா, இல்லே வண்டிக்குப் பேய் ஓட்டறோமா?" என்றார்.

மறுநாள் மாமியாரையே துணைக்கு அழைத்துக்கொண்டு, பேகம்பூரில் லேத்துப் பட்டறைக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு வயசான பாயிடம் போனேன். போர்டுகூடக் கிடையாது. நோட்டை நீட்டினேன். எழுதப் படிக்க வராது என்று சிரித்துவிட்டு, "நீங்களே வாசிங்கம்மா" என்றார். வாசித்தேன். சோக் விஷயம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சோக்கை இழுத்தா சரியாவுதா? அப்ப காத்து கூடிப் போவுது, பெட்ரோலு பிந்தி வருது. வாங்க, காட்டறேன்."

பட்டறைப் பையன் வாயில் பீடி. அவனை ரோட்டுக்கு அந்தப் பக்கம் விரட்டிவிட்டுத்தான் பானெட்டைத் திறந்தார். (பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்பது அந்த மனிதரின் முதல் பாடம்.) இன்ஜின் ஓடவில்லை. மேலே இருந்த ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயை என்னிடம் காட்டினார். "உள்ளே பாத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி, ஆக்ஸிலரேட்டர் இழுக்கும் கம்பியைக் கையால் சட்டென்று திருப்பினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலையே, பாய்."

"அதான் வியாதி! இந்தப் பித்தளைக் குழாயில இருந்து பெட்ரோலு பிச்சுக்கிட்டு அடிக்கணும். ஊசியில மருந்து அடிக்கிற மாதிரி."

பிறகு அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் ஓர் அளவில் கலந்து போக வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று அழுத்தினால் காற்றின் கதவு அகலத் திறக்கிறது. காற்று லேசானது, உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, ஒரு கணம் பின்தங்கும். அந்த ஒரு கணம் இன்ஜினுக்குப் பட்டினி. அதை ஈடுகட்டத்தான் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டிப் பம்ப் இருக்கிறது. மிதித்த உடனே ஒரு மடக்கு பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும். எங்கள் பம்ப் ஸ்டவ்வில் வாஷர் காய்ந்து போனால் எத்தனை அடித்தாலும் காற்று ஏறாதே, அந்த மாதிரி இதன் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு காய்ந்து கிழிந்திருந்தது. மெல்ல மிதித்தால் பெட்ரோலுக்கு வந்துசேர அவகாசம் இருக்கும். அதனால் தெரியாது.

எனக்குப் பொறி தட்டியது. என் கணவர் கார் ஓட்டுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லவில்லையே! முட்டைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி. ஆக்ஸிலரேட்டரைத் தடவுவார், மிதிக்க மாட்டார். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகும்வரை காத்திருப்பார். அவருக்கு அது யோசிக்காததில் ஆச்சரியம் என்ன? மூச்சுத் திணறும் பிள்ளை பின்னால் இருக்கும்போது மிதிக்கிறவளுக்குத்தானே தெரியும்!

நான்கு ஸ்குரூவைக் கழற்றி சவ்வை என் கையில் வைத்தார். ஐந்து பைசா நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. நடுவில் நகம் நுழைகிற அளவுக்குக் கிழிசல். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. புதிய சவ்வு திண்டுக்கல்லில் கிடைக்கவில்லை. பட்டறைப் பையனை மதுரைக்கு பஸ்ஸில் அனுப்பி வாங்கிவரச் சொன்னார். பஸ் சார்ஜ் உட்பட இருபது ரூபாய்க்குள் முடிந்தது.

மாட்டும்போது பெட்ரோல் பீய்ச்சும் குழாயின் துளையும் பாதி அடைத்திருப்பதைக் கண்டார். நான் ஆர்வக்கோளாறில், ஸ்டவ் பின் மாதிரி ஒரு கம்பியால் குத்திவிடலாமே என்றேன். பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "ஐயோ, குத்தவே கூடாதும்மா! பித்தளை மெத்து. துளை பெருசாயிட்டா அப்புறம் அளவே போயிடும்" என்று சொல்லி, பெட்ரோலில் ஊறப்போட்டு, காற்றடித்தே சுத்தம் செய்தார். மறுபடி கம்பியைத் திருப்பினார். பளிச்சென்று ஒரு கீற்று! என் மாமியார் எட்டிப் பார்த்து, "அட, பால் பீய்ச்சற மாதிரி இருக்கே" என்றார்.

வீட்டில் அன்று சாயங்காலம் நான் ஒன்றும் பேசவில்லை. கிழிந்த சவ்வை ஒரு தட்டில் வைத்து, காபியோடு இவர் முன்னால் வைத்தேன். மாமியார்தான் எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவையும் ஒன்று விடாமல்! இவர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளியே போய்க் காரை எடுத்தார். தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தார் போலிருக்கிறது. குவார்ட்டர்ஸ் கோழிகளெல்லாம் பறந்தன. திரும்பி வந்து சாவியை என்னிடம் நீட்டவில்லை. சுவரில் என் கைக்கு எட்டும் ஆணியில் மாட்டினார். மன்னிப்பெல்லாம் அந்தக் காலத்து ஆண்களிடம் வாயில் வராது. ஆனால் அடுத்த இரவு ஷிப்ட் வாரத்துக்கு முன்னால் தானே டாங்க் நிரப்பி, டயருக்குக் காற்றடித்து வைத்தார்.

ஜனவரியில் ஒரு ராத்திரி மறுபடி பையனுக்கு இழுத்தது. அதே முக்கு. இந்தத் தடவை இடைவெளியை இரண்டு மடங்கு கணக்குப் போட்டுத்தான் கடந்தேன். கார் யோசிக்கவில்லை. நான்தான் யோசித்தேன்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. சென்னையில் இருக்கிறான். போன வருஷம் மருமகள் போனில், "அத்தை, கார் பிக்கப்பே இல்லை. மிதிச்சா அசமந்தமா இருக்கு. உங்க பிள்ளை, நான் ஓட்டறதுதான் சரியில்லைங்கறார்" என்றாளே பார்க்கலாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்றைய காரில் கார்புரேட்டர் கிடையாது. 2000-ஐ ஒட்டி மாசுக் கட்டுப்பாடு கடுமையானதும் அது போய், கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்து பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பல கார்களில் ஆக்ஸிலரேட்டர் கேபிள்கூட இல்லை. மிதிப்பதை ஒரு சென்சார் படித்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஆனாலும் கேள்விகள் பழைய கேள்விகள்தானே. "கண்ணு, டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியுதா?" இல்லை. எரிந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று படித்துவிடலாம். "ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே மேட்டு மேலே மேட்டு போட்டிருக்கியா?" இல்லை. (சிரிக்காதீர்கள். கனமான மிதியடி நகர்ந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அமுங்க விடாமல் தடுக்கும். அதைவிட ஆபத்து, அமுங்கிய ஆக்ஸிலரேட்டரை எழவிடாமல் பிடித்துக்கொள்ளும்.) "எப்போதிலிருந்து இப்படி?"

"நாங்க ஊருக்குப் போய் மூணு வாரம் கழிச்சு வந்தோமே, அதிலிருந்து."

அங்கேதான் எனக்கு சந்தேகம். மூன்று வாரம் அசையாமல் நின்ற கார்! அப்பார்ட்மென்டின் கீழ்த்தளம். பக்கத்திலேயே குப்பைத் தொட்டி. "முதல்ல ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லு. நீ கையை விடாதே" என்றேன்.

நினைத்தது சரி. எலி உள்ளே கூடு கட்டியிருந்தது! ஃபில்டர் காகிதத்தைப் பாதி கடித்து, பஞ்சும் துணியும் கடலைத் தோலுமாக அடைத்து வைத்திருந்தது. இன்ஜினுக்கு மூச்சு எங்கிருந்து வரும்? மெக்கானிக்கை வரவழைத்து, ஒயர்களையும் ரப்பர் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னோம். நல்ல வேளை, அவற்றில் பல் படவில்லை. புது ஃபில்டர் போட்டதும் கார் பழையபடி ஆயிற்று.

குழந்தைகள் உள்ள வீட்டுத் தாய்மார்கள் இதை மட்டும் கவனியுங்கள். எலிக் கூட்டை வெறும் கையால் எடுக்காதீர்கள், உலர்ந்தபடியே தட்டி உதறாதீர்கள். எலியின் சிறுநீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. கையுறை மாட்டி, மூக்கைக் கட்டிக்கொண்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்துச் சற்று ஊறவிட்டு, காகிதத்தில் சுருட்டிக் கட்டி எறிய வேண்டும். கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையில் காலில் சிராய்ப்பு இருப்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

மருமகள் அந்தக் கூட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு துண்டுத் துணி. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பேரனின் ஸ்கூல் சாக்ஸ்! ஒற்றைச் சாக்ஸைத் தொலைத்துவிட்டான் என்று ஜூன் மாதம் அவனுக்கு முதுகில் இரண்டு விழுந்ததாம்.